நான்கு நிமிடம் பத்து வினாடி

சாவியைத் திருப்பினால் பாட்டு வரும். எஞ்சின் கிளம்புவதற்கு முன்பே புல்லாங்குழல் தொடங்கிவிடும். நிறுத்த முடியாது. சத்தத்தைக் குறைக்க முடியாது. வேறு பாட்டுக்கு மாற்ற முடியாது.

ஸ்டீரியோவை அணைக்கும் பொத்தான் இரண்டு வருடத்துக்கு முன் உள்ளே விழுந்துவிட்டது. சத்தத்துக்கான திருகு அதற்கும் முன்பே காணாமல் போயிருந்தது. பென் டிரைவ் செருகிய இடத்திலேயே உடைந்து பாதி உள்ளே நின்றுவிட்டது. அதில் நூற்றி இருபது பாட்டுகள் இருந்தன. ஸ்டீரியோவுக்கு முதல் பாட்டு மட்டும்தான் தெரிந்தது. முடிந்ததும் மறுபடி அதையே பாடியது. வண்டியை அணைத்துக் கிளப்பினால் முதலிலிருந்து தொடங்கியது.

பழைய டூயட். நான்கு நிமிடம் பத்து வினாடி.

வண்டி அவளுடைய அக்காவின் கணவருடையது. அவர் கார் எலக்ட்ரீஷியன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் சொந்தமாகப் பட்டறை. அடுத்தவர் வண்டியில் ஹாரன் கொஞ்சம் கரகரத்தாலும் உடனே குனிந்துவிடுவார். தன் வண்டி என்றால் நாளைக்கு என்பார். வாத்தியார் பிள்ளை மக்கு என்று அக்கா சொல்வாள். பிள்ளை ஃபீஸ் கட்டினால் வாத்தியார் கவனிப்பார் என்று அவர் சொல்வார்.

தங்கையான அவள் அவரை மாமா என்று கூப்பிட்டாள். அவர் அவளைச் சின்னவளே என்பார். அவளுக்கு நாற்பத்தொரு வயது.

பதினைந்து வருடமாக ஒரே ஆஸ்பத்திரியில், ஒரே வார்டில் நர்ஸ். அந்த வார்டை மூடப்போவதாக வருடத் தொடக்கத்தில் சுற்றறிக்கை வந்தது. நோயாளிகளை இனி அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்ப்பார்களாம். நர்ஸுகளுக்கு ஆஸ்பத்திரியே கார் கொடுக்கும். லைசென்ஸ் வேண்டும். ஏப்ரல் முப்பதாம் தேதிக்குள் லைசென்ஸ் காட்டாதவர்களுக்கு வேலை இல்லை. அவள் கணவர் தச்சர். மரத்தூள் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளாமல் ஒரு வருடமாக வீட்டில் இருந்தார்.

மாமா கற்றுக்கொடுக்கிறேன் என்றார்.

காலை ஆறு மணிக்கு, மூடிக்கிடந்த ஒரு கிடங்கின் முற்றத்தில் பாடம் நடந்தது. ஆறு பெயின்ட் டப்பாக்களில் மண் நிரப்பித் துடைப்பக் கட்டைகளை நட்டு வைத்தார்கள். அவற்றின் நடுவே வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்த வேண்டும். சோதனையில் மேடும் வளைவும் உண்டு. அவை பரவாயில்லை. ஆட்களைக் காலி செய்வது இந்தக் கம்பங்கள்தான் என்றார் மாமா.

முதல் வாரம் பாட்டு அவளுக்குத் தலைவலியாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. மாமாவே அதை ஒரு கருவியாக்கினார். கிளம்புவதிலிருந்து உள்ளே நிறுத்துவது வரை எல்லாவற்றையும் பாட்டு முடிவதற்குள் முடிக்கச் சொன்னார். சோதனையிலும் நேரம் பார்ப்பார்கள் என்றார். முதல் மாதம் இரண்டரைப் பாட்டு ஆனது. இரண்டாவது மாதம் ஒன்றரை. மூன்றாவது மாதம் ஒரு நாள், பாட்டின் கடைசி வயலின் இழுத்துக்கொண்டிருக்கும்போதே வண்டி உள்ளே நின்றது. மறுநாளும் நின்றது. அதற்கு மறுநாளும். டப்பாக்களைக் காவல் காத்த அக்கா கை தட்டினாள்.

நான்காவது மாதம் முதல் சோதனைக்குப் போனாள். பாட்டை ஆய்வாளர் கண்டுகொள்ளவில்லை. மேட்டில் எஞ்சினை அணைத்துவிட்டு மறுபடி கிளப்பச் சொன்னார். கிளப்பினாள். பாட்டு முதலிலிருந்து தொடங்கியது. கம்பங்களுக்கு வந்தபோது மூன்றாவது கம்பத்தைச் சாய்த்தாள். கம்பம் கோணலாக நட்டிருந்தது என்று வீட்டில் சொன்னாள். எல்லோரும் நம்பினார்கள்.

இரண்டாவது சோதனையில் வேறு ஆய்வாளர். ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். உட்கார்ந்ததும் பாட்டை அணைக்கச் சொன்னார்.

"அணையாது சார்."

"அணையாதுன்னா?"

"அது அப்படித்தான் சார். வண்டி ஓடினா அதுவும் ஓடும்."

அவள் கிண்டல் செய்கிறாள் என்று நினைத்தார். தானே கை நீட்டி ஸ்டீரியோவைத் தடவினார். பொத்தான் இருந்த ஓட்டைக்குள் விரல் போனது. வெளியே எடுத்துப் பார்த்தார். பிறகு இறங்கி, வண்டி சோதனைக்குத் தகுதியற்றது என்று தாளில் எழுதினார். அதுவும் ஒரு தோல்வியாகவே கணக்கானது. மூன்றாவது முறையும் தவறினால் ஆறு மாதம் கழித்துத்தான் மறுபடி விண்ணப்பிக்கலாம்.

அன்று மதியம் அக்கா மாமாவிடம் எதுவும் பேசவில்லை. எல்லோருக்கும் பரிமாறினாள். அவர் தட்டு காலியாகவே இருந்தது. அவர் எழுந்து, திருப்புளியை எடுத்துக்கொண்டு வண்டிக்குப் போனார். ஸ்டீரியோ பன்னிரண்டு நிமிடத்தில் வெளியே வந்தது. ரெண்டு வருஷமா நாளைக்கு நாளைக்குன்னு சொன்னது இந்தப் பன்னிரண்டு நிமிஷத்துக்குத்தானா என்று அக்கா கேட்டாள். அப்புறம்தான் சோறு வைத்தாள்.

மூன்றாவது சோதனை இருபத்தாறாம் தேதி. பதினோரு நாள் இருந்தது.

மறுநாள் காலை அவள் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் கிளம்பியது. அதற்கு இப்படி ஒரு சத்தம் இருப்பது அவளுக்கு அதுவரை தெரியாது. எங்கேயோ பழுது என்று நினைத்து மாமாவைப் பார்த்தாள். அவர் போ என்றார். அவள் போகவில்லை.

"எதுக்கு உக்காந்திருக்கே? கிளம்பு."

"கிளம்பறேன் மாமா."

கிளம்பினாள். முற்றத்தைச் சுற்றி வந்து பின்னால் எடுத்தாள். ஆறில் நாலு டப்பா உருண்டது. மறுபடி எடுத்தாள். ஐந்து உருண்டது. அக்கா ஓடிப்போய் நிமிர்த்தி வைத்தாள். மூன்றாவது முறை கடைசி டப்பா வண்டிக்கு அடியில் போய் நசுங்கியது.

மாமா இறங்கி நசுங்கிய டப்பாவைப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து கதவைச் சாத்தினார். நேற்று வரை சரியாக ஓட்டியவள்தானே என்று கேட்டார். அவள் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

புல்லாங்குழல் முடியும்போது கை பிரேக்கை இறக்குவாள். ஆண் குரல் தொடங்கினால் இரண்டாவது கியர். பல்லவி திரும்ப வரும்போது வளைவு. இடையில் தபலா மட்டும் தனியாக வரும் இடத்தில் நிறுத்திப் பின்கியர். பெண் குரல் இரண்டாவது சரணத்தை எடுத்ததும் ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுக்க ஒடிப்பாள். அதே சரணத்தில் பாடகி மூச்சு வாங்கும் இடத்தில் நேராக்குவாள். வயலினில் நிறுத்துவாள்.

மாமா சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார்.

"அப்ப முதல் டெஸ்ட்ல கம்பம் கோணல் இல்ல."

"இல்ல மாமா. மேட்டுல பாட்டு மறுபடி ஆரம்பிச்சிருச்சு. எனக்கு எங்க இருக்கோம்னே தெரியல."

அக்கா ஜன்னலில் குனிந்து என்ன விஷயம் என்று கேட்டாள். உன் தங்கச்சி வண்டி ஓட்டலை, கச்சேரிக்குத் தாளம் போட்டிருக்கா என்றார் மாமா.

ஸ்டீரியோவைத் திரும்ப மாட்ட முடியாது. ஆய்வாளர் விடமாட்டார். எனவே வேறு வழி தேடினார்கள்.

முதலில் போன். அதே பாட்டை இறக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தாள். சாவியைத் திருப்பும் கணமும் போனைத் தொடும் கணமும் ஒன்றாக அமையவில்லை. இரண்டு வினாடி முன்னேயோ பின்னேயோ போனது. அதற்கே டப்பாக்கள் விழுந்தன. ஒருமுறை சரியாக அமைந்தது. இரண்டாவது சரணத்தில் யாரோ நிலம் வாங்கச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அதுவும் போக, சோதனையில் போனை வெளியே கொடுத்துவிட வேண்டும்.

பிறகு இருக்கைக்கு அடியில் தீப்பெட்டி அளவு ஸ்பீக்கர். சன்னமாக வைத்தால் எஞ்சின் சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. கேட்கும்படி வைத்தால் வெளியே நின்ற அக்காவுக்கும் கேட்டது.

காதுக்குள் வைக்கும் சின்னக் கருவி ஒன்றை மாமா கொண்டுவந்தார். காது மந்தம், மிஷின் வெச்சிருக்கான்னு சொல்லிடலாம் என்றாள் அக்கா. அப்படிச் சொன்னால் முதலில் காது டாக்டரிடம் போய்ச் சான்றிதழ் வாங்கி வரச் சொல்வார்கள் என்றார் மாமா. அந்த யோசனை அதோடு போயிற்று.

மூன்றாவது நாள் மாமா பட்டறையிலிருந்து ஒரு ரிலேயோடு வந்தார். வண்டியின் சிக்னல் விளக்கு விட்டுவிட்டு எரியும்போது டிக் டிக் என்று கேட்குமே, அந்தச் சாமான். ஸ்டீரியோ இருந்த ஓட்டைக்குள் அதை ஒளித்து, சாவியைத் திருப்பியதும் வினாடிக்கு ஒரு டிக் வரும்படி இணைத்திருந்தார். பாட்டின் ஒவ்வொரு இடமும் எத்தனையாவது டிக் என்று ஒரு தாளில் கணக்கெழுதிக் கொடுத்தார். நூற்றி தொண்ணூற்றி இரண்டில் இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். அவள் எண்ணினாள். எண்ணும்போது வேறு எதையும் பார்க்க முடியவில்லை. நூற்றி நாற்பதில் கிடங்குச் சுவரைத் தொட்டாள். பின்விளக்கு உடைந்தது. மாமா ரிலேயைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மிச்சம் இருந்தது அவள் வாய்தான். முணுமுணுத்துக்கொண்டே ஓட்டினாள். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து முணுமுணுத்தால் சரியாக நான்கு நிமிடம் பத்து வினாடி வந்தது. கணவர் கடிகாரம் பிடித்துப் பார்த்தார். வண்டியில் மூன்று நிமிடம் இருபதுதான் வந்தது. பயம் பாட்டை விரட்டியது. பாட்டு ஓடினால் கையும் ஓடியது. எல்லாக் கம்பங்களையும் சீக்கிரமாக, ஒழுங்கான இடைவெளியில் சாய்த்தாள்.

சோதனைக்கு மூன்று நாள் இருக்கையில் மாமா வண்டியை அணைக்கச் சொன்னார்.

"ஒண்ணு கேக்கறேன். பின்னாடி எடுக்கும்போது கண்ணாடியில என்ன தெரியும்?"

"பின்னாடி இருக்கறதெல்லாம் தெரியும்."

"அதான் என்ன?"

அவள் யோசித்தாள். அப்போதுதான் கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு மாசமா நீ கண்ணாடியையே பாக்கல."

"நாலு மாசமா நீங்களும் என்னைப் பாக்கலையே மாமா. பாட்டு முடிஞ்சுதா, வண்டி நின்னுதான்னுதானே பாத்தீங்க. டப்பா விழுந்தாத்தானே திரும்பிப் பாப்பீங்க."

வெளியே நின்ற அக்கா, அவ கேக்கறதுல என்ன தப்பு என்றாள். ரெண்டு பேரும் ஒரே வயித்துல பொறந்தவங்க என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார். ஒவ்வொரு டப்பாவின் கட்டையிலும் சிவப்புத் துணி கட்டினார். அவளை இறங்கி வரச்சொல்லி, வண்டியின் பின்மூலை எது, அது கட்டையிலிருந்து எத்தனை சாண் என்று கையால் அளந்து காட்டினார். பிறகு கண்ணாடியில் அதே இடத்தைக் காட்டினார். ஒரு சாண் கண்ணாடியில் நாலு விரல்.

அன்று அவள் ஒரு சாண் நகர்ந்தாள். நின்றாள். பார்த்தாள். இன்னொரு சாண் நகர்ந்தாள். டப்பா எதுவும் விழவில்லை. மாமா கடிகாரத்தைப் பார்த்தார். பதினான்கு நிமிடம். மறுநாள் பன்னிரண்டு. அதற்கு மறுநாள் பதினொன்று. வேகப்படுத்தினால் விழுந்தது. பதினொன்றுக்குக் கீழே இறங்கவில்லை.

நாலு நிமிஷம் எங்கே, பதினொண்ணு எங்கே என்றார் மாமா. நாளைக்கு எப்படியாவது அஞ்சுக்குள்ள கொண்டுவந்துடு என்று அக்கா சொன்னாள். அவள் சரி என்றாள். முடியாது என்பது மூவருக்கும் தெரிந்தது.

இருபத்தாறாம் தேதி வந்தவர் அதே ஒல்லி ஆய்வாளர். உட்கார்ந்ததும் முன்னால் இருந்த ஓட்டையைப் பார்த்தார். கண்ணாடியை மூக்கில் ஏற்றி மறுபடி பார்த்தார்.

"பாட்டு எங்க?"

"எடுத்துட்டோம் சார்."

அவர் தலையசைத்து ஏதோ குறித்துக்கொண்டார். மேடு முடிந்தது. வளைவு முடிந்தது. அவள் கம்பங்களுக்கு முன்னால் வந்து பின்கியர் போட்டாள். அதற்குள் இரண்டு நிமிடம் போயிருக்கும் என்று கணக்குப் போட்டாள். மிச்சம் இரண்டு. ஸ்டீயரிங்கை ஒடித்து வேகமாக விட்டாள். இடப்பக்கக் கண்ணாடியில் கம்பம் பெரிதாகிக்கொண்டே வந்தது. நாலு விரல், மூன்று விரல், ஒரு விரல். பிரேக்கை மிதித்தாள். ஆய்வாளரின் பேனா தாளில் கோடு இழுத்தது.

இப்படியே போனால் கம்பம் விழும். நிதானமாகப் போனால் நேரம் முடியும். எப்படியும் முப்பதாம் தேதி வரும். அவள் கை பிரேக்கை ஏற்றினாள்.

"சார், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"எதுக்கு?"

"உள்ள நிறுத்தறதுக்கு."

"நேரமா? நேரம்னு யாரு சொன்னா?"

"மாமா."

"எந்த மாமா?"

"அக்கா வீட்டுக்காரர். வெளியே நிக்கறார்."

ஆய்வாளர் கம்பி வேலிப் பக்கம் பார்த்தார். அங்கே ஒருவர் மணிக்கட்டைக் கண்ணுக்கு நேராக உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"கம்பத்துல படக்கூடாது. விதி அவ்வளவுதான். அஞ்சு மணிக்கு கேட்டைப் பூட்டுவாங்க. அதுக்குள்ள முடிங்க."

அப்போது காலை பத்தேகால்.

அவள் முன்கியருக்கு மாற்றி வண்டியை ஒரு சாண் முன்னால் எடுத்தாள். எடுக்கலாமா என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. ஜன்னல் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிப் பின்மூலையைப் பார்த்தாள். பின்னால் ஒரு சாண். நின்றாள். வலப்பக்கம் பார்த்தாள். இடப்பக்கம் பார்த்தாள். இன்னொரு சாண். மைதானத்து ஓரத்தில் அடுத்த வண்டி ஹாரன் அடித்தது. அதற்கடுத்ததும் அடித்தது. ஹாரன் அடிக்கறவங்களுக்கு மார்க் குறைப்பேன் என்று ஆய்வாளர் தலையை நீட்டிச் சொன்னார். அமைதியானது. ஒருமுறை அவள் இறங்கிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். அவள் இறங்கவில்லை. இன்னும் கொஞ்சம் திரும்பிப் பார்த்தாள். நகர்ந்தாள்.

நான்கு நிமிடம் பத்து வினாடி ஆனதும் மாமா கையை இறக்கிவிட்டு வேலிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டதாக அக்கா பிறகு சொன்னாள். அக்காதான் தொடர்ந்து பார்த்தாள். பதினேழு நிமிடம்.

ஆறு கம்பங்களும் நின்றன.

ஆய்வாளர் சாலைக்குப் போகச் சொன்னார். "ரோட்டுல இப்படிப் போனா பின்னாடி வர்றவன் அடிக்க வருவான்மா."

"ரோட்டுல யாரும் கம்பம் நட்டு வைக்கறதில்லையே சார்."

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு லாரியை விட்டாள். ஒரு பஸ்ஸை விட்டாள். சைக்கிளில் போனவரையும் விட்டாள். பிறகு சாலையில் ஏறினாள். மூன்றாவது கியர் வரை போனாள். பள்ளிக்கூடத்து முனையில் திரும்பி, வந்த வழியே வந்தாள். வாசலில் அவர் தாளை மடியில் வைத்து, தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பின்விளக்கு ஒன்று உடைந்திருக்கிறது, அதை மாற்ற வேண்டும் என்று மாமாவிடம் சொல்லச் சொன்னார்.

மாமா தாளை இரண்டு முறை படித்தார். திருப்பி, பின்பக்கம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்றும் பார்த்தார். நேரக் கணக்கே கிடையாதா என்று கேட்டார். கிடையாதாம் என்றாள். அவருடைய நாலு மாசத்தை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை. அக்கா மட்டும், இனிமே யாருக்காவது சொல்லிக்குடுத்தா வாட்சை வீட்டுல வெச்சுட்டுப் போங்க என்றாள்.

அவள் வேலிக்கு அருகில் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். மேற்பார்வையாளர் தாளில் இருந்த லைசென்ஸ் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வந்து காரை எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்பது வீடுகள். முதல் வீட்டில் எட்டு மணிக்கு ஊசி. ஐந்து நிமிடம் தாமதமானாலும் அங்கேயிருந்து போன் வரும்.

"வண்டி நல்லா ஓட்டுவீங்கதானே?" என்று மேற்பார்வையாளர் கேட்டார்.

"மெதுவா ஓட்டுவேன் மேடம்."

"மெதுவான்னா எப்படி? நேரத்துக்குப் போகணுமே."

அவள் ஒன்பது வீடுகளை நினைத்தாள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் வண்டி நிறுத்த ஓர் இடம் இருக்கும். அதைப் பார்த்துப் பின்னால் எடுக்க வேண்டும்.

"காரை ஆறு மணிக்கே குடுத்துடுவீங்களா?" என்று கேட்டாள்.

காவலாளியிடம் சொல்லி வைப்பதாக மேற்பார்வையாளர் சொன்னார்.